மரப்பெட்டி விற்கக் கிளம்பியபோது யாரும் சொல்லாதவை

என் மரப்பெட்டிகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களில் ஒருவர்கூட வேலை சரியில்லை என்று சொன்னதில்லை. "அருமையா இருக்கு" என்பார்கள். மூடியைத் திறந்து திறந்து மூடுவார்கள். "நீங்களே செஞ்சதா?" என்று கேட்பார்கள். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு "வர்றேங்க" என்று நகர்ந்துவிடுவார்கள். வேலை சுத்தமாக இருந்தால் பொருள் தானே விற்கும் என்பது எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரின் நம்பிக்கை. அவர் விஷயத்தில் அது உண்மைதான். அவரிடம் வேலை கொடுத்தவர்கள் எல்லோரும் அவரை ஏற்கெனவே அறிந்தவர்கள். முன்பின் தெரியாதவர்களிடம் விற்பது வேறு உலகம். அந்த உலகத்துக்குள் வழிகாட்ட ஆளில்லாமல் போய், ஒரு சீசன் முழுக்கச் செய்த சரக்கையும், சேமிப்பில் பெரும்பகுதியையும், நிறையத் தூக்கத்தையும் இழந்தேன். உங்களுக்காவது அந்த இழப்பு குறையட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் செய்வது மரம் என்பதால் மரத்தை வைத்தே சொல்கிறேன். மண், தோல், நூல் எதில் வேலை செய்பவருக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் கண்காட்சி மேசை. அங்கே கொடுக்கும் சாதாரண மேசை முக்கால் மீட்டர் உயரம் இருக்கும். அதன்மேல் பெட்டிகளை வரிசையாகப் பரப்பினால் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு மூடிகள் மட்டும்தான் தெரியும். என் உழைப்பெல்லாம் பக்கவாட்டில், பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கிற டவ்டெயில் இணைப்பில் இருக்கிறது. அதைக் குனிந்து பார்க்க யாருக்குப் பொறுமை? பலகைத் தட்டுகள் வைத்துச் சிலவற்றை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி, மூலை வெளியே தெரிகிறபடி திருப்பி வைத்த பிறகுதான் ஆட்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். மேசையில் இருந்த சரக்கில் பாதிக்கு மேல் கீழே இறக்கி மறைத்தும் வைத்தேன். குவித்து வைத்தால் மொத்த வியாபாரக் கடை மாதிரி இருக்கிறது, விலை கேட்பவரும் அந்த நினைப்போடுதான் கேட்கிறார். இன்னொன்று, மேசைக்குப் பின்னால் கை கட்டிக்கொண்டு வருபவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் கிட்டே வருவதில்லை. ஒரு சின்னக் கட்டையை வைத்துக்கொண்டு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தால் தானாக வந்து நிற்கிறார்கள்.

அப்புறம், பொருளை அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். "தொடாதீர்கள்" என்று எழுதி வைத்த மேசைகளில் விற்பனை நடந்து நான் அதிகம் பார்த்ததில்லை. சரியாகப் பொருந்திய பெட்டியின் மூடியை மேலே வைத்துக் கையை எடுத்துவிட்டால் அது உடனே விழாது. உள்ளே அடைபட்ட காற்று விளிம்பு வழியாக மெல்ல வெளியேற, மூடி தானாக, சத்தமே இல்லாமல் கீழே இறங்கி உட்காரும். இதை நான் செய்து காட்டியபோது தலையாட்டினார்கள். அவர்களையே செய்யச் சொன்னபோது சிரித்தார்கள், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள், இரண்டாவது முறை செய்தார்கள். என் விற்பனையில் பெரும்பகுதி அந்த இரண்டாவது முறைக்கு அப்புறம்தான் நடக்கிறது. உங்கள் பொருளிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். கோப்பையின் விளிம்பு உதட்டில் படுவதோ, பையின் வார் தோளில் உட்காருவதோ. அதைக் கண்டுபிடித்து முதல் நிமிடத்திலேயே அவர்கள் கையில் கொடுங்கள்.

பேச்சிலும் ஒரு விஷயம் உண்டு. எந்த மரம், எத்தனை நாள் காய்ந்தது, ஆணி இல்லாமல் எப்படி நிற்கிறது என்று நாம் ஆர்வமாக ஆரம்பிப்போம். கேட்பவர் கண் அடுத்த மேசைக்குப் போய்விடும். அவர் மனதில் ஓடுவது "இதில் நான் எதை வைப்பேன்?" என்ற ஒரே கேள்விதான். காலிப் பெட்டிகளாக வைக்காமல் ஒன்றில் மூக்குக் கண்ணாடி, ஒன்றில் பழைய கடிதங்கள், ஒன்றில் தையல் சாமான் என்று போட்டு வைத்தேன், அந்தக் கேள்வி நின்றுவிட்டது. 2015-ல் ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் இதழில் கைவினைப் பொருள்கள் பற்றி ஓர் ஆய்வு வந்தது. கையால் செய்த பொருளில் செய்தவரின் அன்பும் கலந்திருப்பதாக வாங்குபவர்கள் உணர்கிறார்கள், அதனால் பிரியமானவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கும்போது அதை அதிகம் விரும்புகிறார்கள் என்பது அதன் சாரம். படித்த பிறகு "உங்களுக்கா, யாருக்காவது கொடுக்கவா?" என்று கேட்க ஆரம்பித்தேன். கேள்வி கேட்ட உடனே பேச்சு விலையை விட்டு ஒரு மனிதரை நோக்கித் திரும்பிவிடுகிறது. ஆனால் என் அனுபவத்தில், தனக்கென்று வாங்கிக்கொண்டு போகிறவர்தான் திரும்பி வருகிறார். பரிசாக வாங்கியவர் பெரும்பாலும் அந்த ஒன்றோடு சரி.

விலை விஷயத்தில் மனது ரொம்பக் கசந்தது. ஒருவர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொரு கையில் போனைத் திறந்து, இயந்திரத்தில் செய்த இதே அளவு பெட்டியைக் காட்டி, "இது பத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்குதே?" என்றார். கோபம் வந்தது, பதில் வரவில்லை. அன்றைக்கு இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மரம், எண்ணெய், உப்புத்தாள், கீல், மேசை வாடகை, பயணம் எல்லாம் கழித்து, மிச்சத்தை மணி நேரத்தால் வகுத்தால் வந்த தொகை, பட்டறையைப் பெருக்க ஆள் வைத்தால் கொடுக்க வேண்டிய கூலியைவிடக் குறைவு. மரத்துக்கு ஆன செலவோடு ஏதோ ஒன்றைக் கூட்டி விலை வைப்பதுதான் நம்மில் பலர் வழக்கம். படம் எடுத்த நேரம், பொட்டலம் கட்டிய நேரம், மேசையில் நின்ற நாள், விற்காமல் திரும்பிய நாள் எதுவும் அதில் வருவதில்லை. இவை எல்லாம் உழைப்புதான், கூலியோடு சேர வேண்டும். கடைகள் வழக்கமாகத் தாங்கள் வாங்கும் விலையைப் போல இரண்டு மடங்குக்கு விற்கும். அதனால் கடைக்குக் கொடுக்கிற விலையிலேயே உங்கள் கூலி முழுக்க வந்துவிட வேண்டும், நேரடியாக விற்கும்போதும் அந்த இரண்டு மடங்கு விலைக்கே விற்க வேண்டும். நேரில் குறைத்துக் கொடுத்தால் கடைக்காரர் அடுத்த முறை எடுக்க மாட்டார், அதில் அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது.

எதிர்ப் பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறது. தானே கோத்த பொருளுக்கு மனிதர்கள் மற்றவர்களைவிட அதிக மதிப்புப் போடுகிறார்கள் என்று சோதனைகளில் கண்டு அதற்கு வாங்குபவரே கோத்துக்கொள்ளும் மரச்சாமான் விற்கிற ஐக்கியா நிறுவனத்தை வைத்து ஐக்கியா விளைவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். செய்தவருக்கு அழகாகத் தெரிகிற இடமும் வாங்குபவர் காசு கொடுக்கிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பெட்டியின் அடிப்பக்கத்தை நான் இழைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்குவேன். அதற்காக யாரும் ஒரு காசு கூடுதலாகத் தந்ததில்லை. இன்னும் அப்படித்தான் செய்கிறேன், ஆனால் அந்த நேரத்தை விலையில் ஏற்றுவதில்லை. அது என் சொந்தச் சந்தோஷம். விலைச்சீட்டை மட்டும் ஒருபோதும் மறைக்காதீர்கள். விலை கேட்கவே கூச்சப்பட்டுப் போகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். குறைத்துக் கேட்பவருக்கு அதே பொருளைக் குறைத்துக் கொடுக்காமல், "இந்த அளவு போதுமா பாருங்க" என்று சின்னதாக ஒன்றைக் காட்டுவது எனக்குப் பழகிவிட்டது.

பெரிய அடி விழுந்தது கடையில். நல்ல கடை, வெளிச்சமான கண்ணாடி முகப்பு, பேச்சில் இனிமையான உரிமையாளர். "வச்சுப் பார்ப்போம், விக்க விக்கப் பணம் தர்றேன்" என்றார். விற்ற விலையில் 40 சதவீதம் அவருக்கு. நம் தொழிலில் இப்படி வைப்பது சகஜம், எல்லோரும் செய்வதுதான். முதல் சில மாதம் பணம் ஒழுங்காக வந்தது. அந்த நம்பிக்கையில் கண்காட்சிகளைக் குறைத்துக்கொண்டு, சேமிப்பிலிருந்து மரம் வாங்கி, செய்ததையெல்லாம் அங்கேயே கொண்டுபோய் இறக்கினேன். அப்புறம் பணம் தாமதமானது. பாதி வந்தது. போன் எடுப்பது நின்றது. ஒருநாள் போனால் கடை பூட்டியிருக்கிறது, கண்ணாடிக்குப் பின்னால் என் பெட்டிகள் அப்படியே இருக்கின்றன. கடைக்காரருக்குக் கடன் கொடுத்தவர்கள் சரக்கு முழுவதையும் பிடித்து வைத்திருந்தார்கள். என் பெட்டிகள் மீது கடையின் பெயர் போட்ட ஸ்டிக்கர். என்னுடையவை என்று நான் சொல்கிறேன், அதற்குக் காகிதம் எங்கே என்று கேட்கிறார்கள். விற்றுப்போனது எத்தனை, இருப்பது எத்தனை என்று உறுதியாகச் சொல்லக்கூட என்னிடம் கையெழுத்திட்ட பட்டியல் இல்லை. அப்போது அழுகை வரவில்லை, அவமானமாகத்தான் இருந்தது. கொஞ்ச காலம் பட்டறைக் கதவைத் திறக்கவே மனம் வரவில்லை. வீட்டில் கேட்டால் மரம் காய்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். அலைந்து திரிந்து சில பெட்டிகளைக் கீறலோடு மீட்டேன். மற்றவையும் வர வேண்டிய பாக்கியும் போனது போனதுதான்.

ஒப்பந்தம் என்றதும் பத்திரம் எழுதுகிற அளவுக்குப் பயப்பட வேண்டாம், ஒரு பக்கம் போதும். சரக்கு இறக்கும் ஒவ்வொரு முறையும் எண் போட்ட பட்டியல், ஒவ்வொன்றின் விலை, தேதி, இரு தரப்புக் கையெழுத்து. விற்கும்வரை பொருள் செய்தவருக்கே சொந்தம் என்று ஒரு வரி. உடைந்தாலோ காணாமல் போனாலோ யார் பொறுப்பு என்று ஒரு வரி. விற்ற கணக்கும் பணமும் மாதத்தில் எந்தத் தேதிக்குள் வர வேண்டும், எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா, கடை தன் இஷ்டத்துக்குத் தள்ளுபடி போடலாமா என்பதையும் எழுதிவிடுங்கள். பொருளின் அடியில் அழியாதபடி உங்கள் முத்திரையும் எண்ணும் இருக்கட்டும். நான் இப்போது சூட்டுக்கோல் முத்திரை போடுகிறேன், ஸ்டிக்கர் மாதிரி உரித்துப் போட முடியாது. இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற கடைக்காரரும் உண்டு. சுளிக்கட்டும், அது உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த தகவல். முடிந்தால் மொத்தமாகப் பணம் கொடுத்து வாங்குகிற கடையையே தேடுங்கள். உங்களுக்கு வரும் சதவீதம் குறைவாகத் தெரிந்தாலும், காசு கொடுத்து வாங்கியவர் விற்பதற்கு மெனக்கெடுவார். சும்மா வந்த சரக்கு மூலையில்தான் கிடக்கும்.

அந்தக் கடையிலிருந்து மீண்டு வந்த பெட்டிகள் இன்னொரு பாடத்தையும் கொண்டுவந்தன. வெயில் படும் முகப்பில் இருந்ததில் விலைச்சீட்டு கிடந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் இருந்தது, சுற்றிலும் நிறம் மாறிவிட்டது. குளிர்சாதனக் காற்றில் இருந்தவற்றின் மூடிகள் ஆடின. மரம் காற்றில் உள்ள ஈரத்துக்கேற்ப ஊதும், சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. அகலவாக்கில்தான் அசைவு, அதிலும் மரத்தின் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. செய்பவர்களுக்கு இது அரிச்சுவடி. வாங்குபவருக்குத் தெரியாது, கடைப் பையனுக்கும் தெரியாது. மழைக்காலத்தில் மூடி இறுகிவிட்டது என்று ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். விளக்கிச் சொன்னேன், நம்பவில்லை. முன்னாலேயே சொன்னால் அது தகவல், பின்னால் சொன்னால் சாக்கு. இப்போது ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சின்ன அட்டை இருக்கிறது: ஈரமான பருவத்தில் மூடி இறுகும், வறண்டதும் தளரும், நேர் வெயிலில் வைக்காதீர்கள், ஆண்டுக்கு ஒருமுறை மெழுகு தேயுங்கள். அதற்கப்புறம் அந்தப் புகார் வருவதில்லை. சிலர் மூடி இறுகியதும் "நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு" என்று சந்தோஷமாகச் செய்தி அனுப்புகிறார்கள், விசித்திரம்தான்.

கடை போன பிறகு இணையத்துக்கு வந்தேன். இங்கே கையில் கொடுக்க வழியில்லை, படம்தான் கை. இரவில் பல்ப் வெளிச்சத்தில் எடுத்த படங்களில் எல்லா மரமும் ஒரே மஞ்சளாக இருந்தன. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்: வீட்டில் போடும் மஞ்சள் பல்ப் சுமார் 2700 கெல்வின், பகல் வெளிச்சம் 5000-க்கு மேல். கண் பழகிக்கொள்ளும், கேமரா அப்படியே பதியும். நல்ல கேமராவுக்குச் செலவழிக்கும் முன், ஜன்னலுக்குப் பக்கவாட்டில் பொருளை வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தி, விளக்குகளை அணைத்துவிட்டுப் போனிலேயே எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் மர ரேகையும் உளி பட்ட இடமும் எழும்பித் தெரியும். அளவை எழுத்தில் போட்டால் போதாது, யாரும் படிப்பதில்லை. "இவ்வளவு சின்னதா?" என்று திரும்பி வந்த பெட்டிகளின் தபால் செலவு இரண்டு வழிக்கும் என் தலையில் விழுந்தது. படத்தில் ஒரு கை இருந்தால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. தளக் கட்டணத்தையும் ஆரம்பத்திலேயே விலையில் சேர்த்துவிடுங்கள், அது ஏறுமே தவிர இறங்காது. 2005-ல் கைவினைஞர்களுக்கென்று தொடங்கிய எட்சி தளம் 2022 ஏப்ரலில் தன் விற்பனைக் கட்டணத்தை 5 சதவீதத்திலிருந்து 6.5 ஆக்கியது. விற்பனையாளர்கள் பலர் ஒரு வாரம் கடையடைப்பு செய்து பார்த்தார்கள், கட்டணம் குறையவில்லை. வாங்கியவர்களில் விரும்பித் தருகிறவர்களின் தொடர்பை உங்கள் நோட்டில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லிச் செய்யும் வேலை நல்ல வருமானம், ஆனால் முன்பணம் இல்லாமல் உளியைத் தொடாதீர்கள். ஒருவர் மூடியில் பெயர் செதுக்கி, உள்ளே அறைகள் பிரித்துக் கேட்டார். செய்து முடித்தபோது ஆள் இல்லை. அடுத்தவர் பெயர் செதுக்கிய பெட்டியை யார் வாங்குவார்? அந்தப் பெயருள்ள வேறு ஆளைத் தேடலாமா என்றுகூட யோசித்தேன். இப்போது பாதிப் பணம் முன்னால், வரைபடத்தில் அவர் சம்மதம், பெயரின் எழுத்துகளை அவரே எழுதி அனுப்ப வேண்டும். செதுக்கத் தொடங்கிவிட்டால் முன்பணம் திரும்பாது என்பதையும் அதே செய்தியில் சொல்லிவிடுகிறேன். ஏற்காதவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களோடு பேசி மல்லுக்கட்டுவதில்லை.

கடைசியாகப் பொட்டலம். பொருள் என் கையை விட்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு வில்லங்கம் கூடுகிறது. ஆளி விதை எண்ணெய் பூசிய பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் சில நாளில் காய்ந்த மாதிரி இருக்கும். அது தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கித்தான் இறுகுகிறது, முழுக்க இறுக வாரங்கள் ஆகலாம். அவசரத்தில் குமிழ்த் தாளை நேராகச் சுற்றி அனுப்பிய ஒரு பெட்டி, மூடி முழுக்க வட்ட வட்டத் தழும்போடு போய்ச் சேர்ந்தது. அது ஒரு நிச்சயதார்த்தப் பரிசு. முதலில் மெல்லிய வெள்ளைத் தாள், அல்லது பருத்தித் துணி, அதற்கு மேல்தான் குமிழ்த் தாள். அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டு அப்புறம் எறியுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புவது தனிக் கதை. ஒரு பெரிய ஆர்டரை மிச்சப் பலகையில் நானே அடித்த கூட்டுக்குள் வைத்து அனுப்பினேன். உள்ளே இருந்த பெட்டிகளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, வெளியே இருந்த கூட்டுக்காகத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். மரத்தால் செய்த பேக்கிங்குக்கு ஐஎஸ்பிஎம் 15 என்ற பன்னாட்டு விதி இருக்கிறது. பூச்சி பரவாமலிருக்க மரத்தின் உட்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் சூடாக்கியோ, விதி ஏற்கும் வேறு முறையில் பக்குவப்படுத்தியோ முத்திரை குத்தியிருக்க வேண்டும். முழுக்கப் பிளைவுட்டால் ஆன கூடு என்றால் இந்த விதியே கிடையாது, ஒட்டும்போதே சூட்டில் அழுத்திச் செய்வதால். சரக்கை வைத்திருந்த வாடகையும் காத்திருந்த காலமும் சேர்ந்து அந்த ஆர்டரின் லாபத்தைத் தின்றுவிட்டன. மரத்தின் பெயரையும் முன்னாலேயே பார்க்க வேண்டும். ஈட்டி மரம் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்துக்குள் வந்தது, அனுமதி இல்லாமல் எல்லை தாண்ட முடியாது என்று ஆனது. பிரேசில் ஈட்டிக்கு 1992 முதலே இன்னும் கடுமையான தடை இருக்கிறது. 2019 நவம்பர் இறுதியில் கொஞ்சம் தளர்த்தினார்கள், ஓர் அனுப்பலில் 10 கிலோ வரை முடித்த பொருளுக்கு அந்த அனுமதி வேண்டாம் என்று, பிரேசில் ஈட்டியைத் தவிர. ஆனாலும் ஒவ்வொரு நாடும் தன் பங்குக்குத் தனி விதி வைத்திருக்கலாம். அதனால் ஈட்டியில் கேட்டு வெளிநாட்டு ஆர்டர் வந்தால், இரு பக்கத்துச் சுங்க விதியையும் விசாரித்து எழுத்தில் வாங்கிய பிறகுதான் பலகையை அறுக்கிறேன். பதில் வரத் தாமதமானால் வேறு மரம் சொல்கிறேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.